உயிரியல் பட்டப்படிப்பு: சேரும் முன் கவனிக்க வேண்டியவை

நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பெற்றோர் பலர் அவசரமாக உயிரியல் பட்டப்படிப்பில் சேர்த்துவிடுகின்றனர். கட்டணம் செலுத்தும் முன் நான்கு விஷயங்களைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. பல்கலைக்கழகம் யுஜிசி அங்கீகாரம் பெற்றதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசியே வெளியிடுகிறது. கல்லூரியின் நாக் தரமதிப்பீட்டையும் பாருங்கள்.

2. பாடத்திட்டத்தில் மரபியல், உயிர்வேதியியலோடு புள்ளியியலும் உண்டா?

3. ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஒரு நுண்ணோக்கியை எத்தனை மாணவர்கள் பகிர்ந்துகொள்கின்றனர் என்று கேளுங்கள்.

4. அடுத்தது என்ன? ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு உண்டு. அதன் உயிரித் தொழில்நுட்பத் தாளில் கணிதமும் இயற்பியலும் வரும். பள்ளி ஆசிரியராக பி.எட். வேண்டும்.

இவற்றோடு, பிள்ளைக்கு இதில் விருப்பம் உண்டா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். மூன்றாண்டுகள் படிக்கப்போவது பிள்ளைதான்.