தோளில் ஏன் இன்னொரு கேமரா?

கால்பந்து மேட்சில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபர்களைப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று கேமரா. "ஒண்ணு போதாதா?" என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். தேடிப் படித்ததில் இரண்டு காரணம் தெரிந்தது.

முதலாவது பிலிம். ஒரு ரோலில் 36 படம்தான். 1972 ஒலிம்பிக்கை ஒட்டி கேனன் செய்த அதிவேக எஃப்-1 கேமரா, நொடிக்கு 9 படம் எடுத்தது. கணக்குப் போடுங்கள்: விரலை எடுக்காமல் அழுத்தினால் நாலே நொடியில் ரோல் காலி! 1984-இல் அந்த வேகம் 14 ஆனது; மூணு நொடிகூடத் தாங்காது. ரோல் மாற்றும்போது கோல் விழுந்தால் போனது போனதுதான். கேமராவின் வேகம் கூடக்கூட, பக்கத்தில் இன்னொன்று அவசியமானது.

மெமரி கார்டு வந்து அந்தக் கவலை தீர்ந்தது. தீராதது இரண்டாவது காரணம், தூரம். 400 மி.மீ. லென்ஸ் எதிர்முனை ஆட்டத்துக்குச் சரி. பந்து பக்கத்துப் பெனால்டி பாக்ஸுக்குள் வந்துவிட்டால் ஆள் முழுசாக அடங்கமாட்டார். லென்ஸ் கழற்றி மாட்ட ஏது நேரம்? தோளில் தொங்கும் 70–200-ஐத் தூக்க வேண்டியதுதான். எப்போது தூக்குவது என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு கண்ணை வியூஃபைண்டரிலும் மறு கண்ணை மைதானத்திலும் வைத்திருக்கிறார்கள்.