அங்கம் இழந்தோர் வரலாறு

திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறுவோர் பீரங்கி மேடைகளைக் கண்டு வியப்பர். 1755இல் இங்குப் பவுஜ்தாராக விளங்கிய ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர் துணையுடன் ஆயுதச்சாலை அமைத்ததையும், 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் கம்பெனிப் படை கோட்டையைக் கைப்பற்றியதையும் ஏடுகள் கூறும். குண்டுபட்டுக் கைகால் சிதைந்த சிப்பாய்களை நினைப்பார் யார்?

ஈயக்குண்டு எலும்பை நொறுக்குவதோடு நில்லாது. உடுப்பின் கந்தலையும் மண்ணையும் காயத்தினுள் செலுத்திவிடும். சதை அழுகும்; அழுகல் மேலேறினால் உயிர் போகும். ஆகவே, உறுப்பை அறுத்து உயிரைக் காப்பதே அந்நாளில் படை மருத்துவர் கண்ட வழி.

யவனரும் உரோமரும் அறிந்திருந்த இவ்வழியை, சுமார் 1000ஆம் ஆண்டில், குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரத்து அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பாகத்தில் முறையாக வகுத்தார். அறுக்குமிடத்திற்கு மேலும் கீழும் கட்டிட்டு, இருவர் இருபுறமும் இழுத்துப் பிடிக்க, இடையிலுள்ள சதையைக் கீறி எலும்பை ரம்பத்தால் அறுக்கவேண்டும். குருதி பீறிட்டால் சூட்டுக்கோல் இடவேண்டும். அழுகல் முழங்கையையோ முழங்காலையோ கடந்துவிட்டால் அறுத்துப் பயனில்லை என்றும் எச்சரித்தார்.

அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று சிந்தைக்குரியது. கால் கருகிய ஒருவன் தானே அதனை அறுத்துக்கொண்டு பிழைத்தான். பின்னர் அந்நோய் கையில் தோன்ற, அறுக்குமாறு இவரை வேண்டினான். அவன் வலிமை குன்றியதைக் கண்டு, இறந்துபடுவான் என அஞ்சி, இவர் மறுத்தார். அவன் ஊர் திரும்பித் தானே கையை அறுத்து நலமடைந்தான். தம் கணிப்புப் பிழைத்ததை மறைக்காமல் எழுதிவைத்தாரே, அதுவன்றோ அறிவின் நேர்மை!

வலியை மறக்கச் செய்யும் ஈதர் 1846இலும், காயத்தில் நச்சுக்கிருமியைத் தடுக்கும் லிஸ்டரின் முறை 1867இலுமே வந்தன. 1790இன் சிப்பாய்க்கு இவ்விரண்டுமில்லை. இரண்டாம் உலகப் போரில் பெருந்தமனி அறுபட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வுறுப்பை இழந்தனர். கொரியப் போரில் (1950-53) தமனியையே தைத்து இணைத்ததால் அத்தொகை சுமார் 13 விழுக்காடாகக் குறைந்தது. அறுப்பதே வழி என்றிருந்த மருத்துவம் காப்பதே வழி எனத் திரும்பியது. உறுப்பிழந்த நம் படைவீரர்க்கெனப் பூனாவில் 1944இல் செயற்கை உறுப்பு நிலையமும் எழுந்தது.

கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரே! பீரங்கியைக் காட்டும்போது, அதன் எதிரே நின்றவனையும், அவன் காயத்தைக் கட்டியவனையும் சேர்த்தே சொல்லுங்கள்.