பிடித்தலும் விடுத்தலும்: மலைத் துவிச்சக்கரவண்டிச் சங்கிலியின் வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றோடு புதியனவாகச் சேர்க்கப்பட்ட உறுப்புகளையே நிரற்படுத்திக் கூறுவர். கழிக்கப்பட்ட உறுப்புகள் யாவை, அவை எக்காரணத்தாற் கழிக்கப்பட்டன என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. மலைத் துவிச்சக்கரவண்டியின் சங்கிலி அமைப்பு இவ்வினாக்களுக்கு நல்லதோர் ஆய்வுக்களமாகும். 1980களில் அவ்வண்டி மூன்று முன்பற்சில்லுகளைக் கொண்டிருந்தது. இன்று விலையுயர்ந்த வண்டிகளிற் பெரும்பாலானவை ஒன்றையே கொண்டுள்ளன. மூன்று ஒன்றாகிய இடைக்காலத்திலேதான் சங்கிலி வழிகாட்டி என்னும் சிற்றுறுப்புத் தோன்றிப் பரவி, பின்னர்ப் பலரால் நீக்கப்படலாயிற்று. இம்மாற்றத்தின் காரணங்களை ஆராய்ந்து, இவ்வுறுப்புகளைத் தெரிவுசெய்வோர்க்கு அவ்வரலாறு தரும் அளவுகோல் யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களை வரையறுத்துக் கொள்வோம். மிதியோடு சேர்ந்து சுழலும் பல்லுடைய வட்டு முன்பற்சில்லு. பின்சில்லின் அச்சில் அடுக்கப்பட்டவை பின்பற்சில்லுகள். சங்கிலி முன்பற்சில்லினின்று கழன்று வீழாதவாறு அதனை மேலிருந்தோ கீழிருந்தோ அணைத்து நிற்பது வழிகாட்டி.

மன்செஸ்ரர் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் றெனோல்ட் 1880ஆம் ஆண்டில் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885ஆம் ஆண்டில் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராளி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் றோவர் வண்டியை வெளியிட்டார். அவ்வமைப்பில் முன்னொரு பற்சில்லும் பின்னொரு பற்சில்லும் நேர்கோட்டில் நின்றன. சங்கிலியும் இறுக்கமாக இருந்தது. ஆதலின் அது கழன்று வீழ்தல் அரிதாயிற்று. ஆயினும் ஏற்றத்துக்கும் சமதரைக்கும் ஒரே விகிதமே வாய்த்தது. இக்குறையைத் தீர்க்க எழுந்ததே கியர்மாற்றி. பிரெஞ்சு மொழியில் அதற்கு வழங்கும் பெயர் 'தடம் புரளச் செய்வது' எனப் பொருள்படும். பெயரே அதன் இயல்பை உணர்த்தி நிற்கின்றது. ஒரு பற்சில்லில் ஓடும் சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி, மற்றொன்றில் ஏறச் செய்வதே அதன் தொழில். இக்கருவி எளிதில் ஏற்கப்படவுமில்லை. புகழ்பெற்ற பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் 1937ஆம் ஆண்டிலேதான் அதற்குப் பொதுவாக இடமளிக்கப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. சங்கிலியை உறுதியாகப் பிடிக்கும் பல், அதனை எளிதில் விடாது. எளிதில் விடும் பல், உறுதியாகப் பிடிக்காது. செப்பனிட்ட வீதியில் இம்முரண்பாடு பெரிதாகத் தோன்றவில்லை. அதனை வெளிக்கொணர்ந்தது மலைப்பாதையே.

கலிபோர்னியாவின் மரீன் மாவட்டத்தில், ரமல்பாயிஸ் மலைச் சூழலில், 1970களில் இளைஞர் சிலர் 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பழைய தடித்த ரயர் வண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவில் ஓட்டினர். 1976 ஒக்ரோபர் 21ஆம் நாள் சார்ளி கெலி முதலியோர் அங்கு ஒரு சரிவோட்டப் போட்டியைத் தொடக்கினர். பின்னோக்கி மிதித்து நிறுத்தும் அவ்வண்டிகளின் அச்சுக்குடம் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் எரிந்துபோகும். ஓட்டந்தோறும் புதிதாக நிரப்பவேண்டும். அதனால் அச்சரிவு 'மீள்நிரப்பு' எனப் பொருள்படும் றீபக் என்ற பெயரைப் பெற்றது. அவ்வண்டிகள் இறங்கவல்லவை, ஏறவல்லவை அல்ல. கறி பிஷர் போன்றோர் அவற்றிற் கியர்மாற்றியைப் பொருத்தியமை, அதே வண்டியில் ஏறவும் வேண்டும் என்னும் விருப்பின் விளைவாகும். 1977இல் ஜோ பிறீஸ் இத்தேவைக்கெனவே சட்டங்களை அமைத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்ரம்ப்ஜம்பர் வண்டி பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு யப்பானிய நிறுவனமான சிமானோ, மலைவண்டிக்கென டியோர் எக்ஸ்.ரி. உறுப்புத் தொகுதியை வெளியிட்டது.

மூன்று முன்பற்சில்லுகள் மலைவண்டிக்கெனப் பிறந்தவை அல்ல. சுமையேற்றி நெடுந்தூரம் செல்லும் பயண வண்டிகளிலிருந்து இரவலாகப் பெறப்பட்டவை அவை. பிற்காலத்திற் பெருவழக்காயிருந்த 22, 32, 44 பற்கள் கொண்ட தொகுதியை நோக்குவோம். பின்னே 11 முதல் 34 பற்கள் வரை அமைந்தால், மிகத் தாழ்ந்த விகிதம் 0.65, மிக உயர்ந்தது 4.0 ஆகும். ஒன்பது பின்பற்சில்லுகளோடு சேர 27 இணைகள் கிடைக்கும். எனினும் அவற்றுட் பல ஏறத்தாழ ஒரே விகிதத்தையே தந்தன. அத்துடன், சங்கிலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து தாவுவதற்காக முன்பற்சில்லுகளின் பற்கள் சில குறுக்கப்பட்டும் சரிக்கப்பட்டும் இருந்தன. அவை சங்கிலியை விடுத்தற்கென்றே செய்யப்பட்ட பற்கள்.

இதன் தீங்கு சரிவோட்டத்தில் வெளிப்பட்டது. கல்லிலும் வேரிலும் மோதி வண்டி அதிரும்போது சங்கிலியின் தளர்ந்த கீழ்ப்பகுதி அலைபோல் எழுந்து பல்லினின்று கழலும். விசையோடு மிதிக்கும் கணத்தில் இது நேர்ந்தால் கால் வெறுமையிற் சென்று, ஓட்டுநர் நிலைகுலைவார். சரிவோட்டத்துக்குச் சிறிய பற்சில்லு தேவையில்லை. ஆகவே அவ்வீரர்கள் ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு, மேலும் கீழும் வழிகாட்டி பூட்டினர். கல்லில் மோதும் அடியைத் தாங்கக் காப்புத்தகடும் சேர்த்தனர். வழிகாட்டியைப் பூட்டும் துளைகளுக்குப் பொதுநியமம் ஒன்று வகுக்கப்பட்டு, பின்னர் ஐ.எஸ்.சி.ஜி. 05 என்னும் திருத்திய வடிவைப் பெற்றது. ஆனால் கீழ்வழிகாட்டியின் உருளை உராய்வையும் ஓசையையும் தந்தது. சேறும் அதிற் படிந்தது. ஒரு குறையை மறைக்க வந்த உறுப்புத் தன் குறைகளையும் உடன் கொணர்ந்தது.

2011ஆம் ஆண்டில் சிமானோ, பின் கியர்மாற்றியின் கை முன்னோக்கி ஆடாதவாறு தடுக்கும் உராய்வுப்பிடியை வெளியிட்டது. சங்கிலியின் அலைவு குறைந்தது. 2012இல் அமெரிக்க நிறுவனமான ஸ்ராம், ஒன்றுவிட்டொன்று தடித்தும் மெலிந்தும் அமைந்த பற்களையுடைய ஒற்றை முன்பற்சில்லைக் கொணர்ந்தது. சங்கிலியின் கண்ணிகளில் அகன்ற இடைவெளியும் ஒடுங்கிய இடைவெளியும் மாறிமாறி வருவன. தடித்த பல் அகன்ற இடைவெளியை நிரப்புவதால் சங்கிலி பக்கவாட்டில் நழுவாது. இப்பற்சில்லுகளின் பல்லெண்ணிக்கை 30, 32, 34 என இரட்டை எண்ணாகவே இருத்தற்குக் காரணமும் இதுவே.

தடித்ததும் மெலிந்ததுமான பல் என்னும் கருத்துப் புதியதன்று. 1979ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றிலேயே அது பதிவாகியுள்ளது. எனின், அது மலைவண்டியை அடைய முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது ஏன்? முன்னே பல பற்சில்லுகள் இருந்தவரை, விடாத பல்லுக்கு அங்கு இடமில்லை. ஒன்றாகக் குறைத்தாலோ ஏற்றத்துக்கு வலுவில்லை: 32 பற்களோடு பின்னே 34 பற்கள் இணைந்தால் விகிதம் 0.94 மாத்திரமே. 2012இற் பின்னே 42 பற்கள் வந்தபோது அது 0.76 ஆயிற்று, 2016இல் 50 பற்கள் வந்தபோது 0.64 ஆயிற்று. பழைய மும்மைத் தொகுதியின் தாழ்ந்த விகிதம் இவ்வாறு மீளப் பெறப்பட்டது. உயர்ந்த விகிதம் மாத்திரம் 4.0இலிருந்து 3.2 ஆகக் குறைந்தது. பின்னே வீச்சு விரிந்ததனாலேயே முன்னே பல்லுக்குப் பிடிக்கும் உரிமை கிடைத்தது எனலாம்.

இவ்வரலாறு தரும் அளவுகோல் தெளிவானது. முதலில் வினவ வேண்டியது, எம் சங்கிலி எங்கே விடவேண்டும், எங்கே பிடிக்கவேண்டும் என்பதாகும். செங்குத்தான ஏற்றங்களில் ஓடுவோர்க்கு 30 பற்கள் போதும்; வலிய கால்களும் சமதரையும் வாய்த்தோர் 34ஐ நாடலாம். தடித்த-மெலிந்த பல்லும் உராய்வுப்பிடியும் உள்ள வண்டிக்குச் சாதாரண மலைப்பாதையில் வழிகாட்டி வேண்டுவதில்லை. கரடுமுரடான பாதையில் இலேசான மேல்வழிகாட்டி ஒன்று காப்பாகும். பற்கள் தேய்ந்தபின் பிடி தளருமாதலின் அப்போது அதன் பயன் மிகும். சரிவோட்டத்துக்கு மேல்வழிகாட்டியும் காப்புத்தகடும் இன்றும் தக்கவையே. மும்மைத் தொகுதியோடு அமைதியாக நெடுந்தூரம் செல்வோர் அதனைக் கைவிட வேண்டிய கட்டாயமும் இல்லை.

வேறொன்றும் மனங்கொள்ளத்தக்கது. றீபக் இளைஞர் கைக்குக் கிடைத்த உறுப்புகளைக் கூட்டித் தம் வண்டியை ஆக்கினர். இன்று 10 பற்களையுடைய சிறிய பின்பற்சில்லை ஏற்க அச்சுக்குடத்தின் இயக்குபகுதியையே மாற்றவேண்டியுள்ளது. ஓர் உறுப்பை விரும்பியவர் தொகுதி முழுவதையும் வாங்க நேர்கின்றது. ஆயின் தடித்த-மெலிந்த முன்பற்சில்லைப் பழைய வண்டியிலும் தனியே பொருத்தலாம். எது தேவை, எது நிறுவனத்தின் பொதியோடு வருவது எனப் பகுத்தறிவதே ஓட்டுநரின் சுதந்திரத்தைக் காக்கும்.

2015ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் லியோகாங் சரிவோட்டத்தில் ஆரன் குவின் என்ற அமெரிக்க வீரரின் சங்கிலி தொடக்கத்திலேயே அறுந்தது. அவர் சங்கிலியின்றியே இறங்கி உலகக் கிண்ணச் சுற்றை வென்றார். எந்த வழிகாட்டியும் அறுந்த சங்கிலியைக் காப்பதில்லை. எந்தச் சரிவும் எல்லாச் சரிவுகளுக்கும் இலக்கணமாவதில்லை. கருவியின் வளர்ச்சி உறுப்புகளின் பெருக்கத்தில் மாத்திரம் இல்லை. தீங்கை மறைக்கும் உறுப்பைச் சேர்ப்பதினும், அத்தீங்கின் மூலத்தை அறிந்து நீக்குவதே மேலான வளர்ச்சியாகும்.