தோட்டத்துக் குடியும் பிள்ளைகளின் சத்துணவும்: பெற்றோர் அறிய வேண்டியவை

சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், தம்பின் எனப் பரவிக் கிடக்கும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் குடிப்பழக்கம் சில வீடுகளில் கூடவே வந்திருக்கிறது. குடிப்பவரின் ஈரலைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அந்த வீட்டுப் பிள்ளையின் எடையும் உயரமும் பேச்சில் வருவதில்லை.

பழைய கதை

ஆங்கிலேயர் காலத்தில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வாங்கிய கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பின் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும், வேலை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக முதலாளி மதுபானம் கொடுக்கக்கூடாது என்கிறது.

கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. மலிவு விலை, கடும் போதை. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த கள்ள மது சிலாங்கூரிலும் பிற இடங்களிலும் 30க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் கொல்லும்.

பிள்ளையின் தட்டில் என்ன குறைகிறது?

முதலில் பணம். குடிக்கு நாளைக்கு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 300 ரிங்கிட். 2025 முதல் நடப்பில் உள்ள 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் இது ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். ஒரு முட்டை 50 சென் என்றாலும், பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்க மாதம் 15 ரிங்கிட் போதும். அது ஒன்றரை நாள் குடிக்காசு.

இரண்டாவது நேரமும் கவனிப்பும். இரவு குடித்தவர் காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போகிறது. மாலையில் சண்டை என்றால் அடுப்பு எரியாது. பிள்ளை தேநீரில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுவிட்டோ, வெறுஞ்சோற்றில் கிச்சாப் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டோ தூங்கிவிடும். வயிறு நிறைகிறது; புரதமும் இரும்புச் சத்தும் கிடைப்பதில்லை. இனிப்பான டின் பாலைக் கரைத்துக் கொடுப்பதும் குழந்தைக்குப் பாலாகாது.

மூன்றாவது கருப்பை. கர்ப்பிணி குடித்தால் மது நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சேர்கிறது. பிறவிக் குறை, எடைக் குறைவு, பின்னாளில் கற்றல் சிரமம் ஆகியவை வரலாம். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. தாய்ப்பாலிலும் மது கலக்கும்.

குள்ளம் எல்லாம் பரம்பரை அல்ல

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதாவது ஐந்தில் ஒருவர். இது எல்லா இனத்தாரையும் சேர்த்த கணக்கு. குடி மட்டுமே காரணமும் அல்ல. நம் மாநிலத்துப் பூர்வகுடிகளான தெமுவான் மக்களின் கிராமங்களிலும் வறுமையும் சத்துக்குறைவும் கூடவே நடக்கின்றன. கருவுற்றது முதல் இரண்டு வயது வரையான 1,000 நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னால் மீட்பது கடினம். “அப்பாவும் குட்டை, பிள்ளையும் குட்டை” என்று விட்டுவிடாமல் அளந்து பார்க்க வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

* அரசாங்க சுகாதாரக் கிளினிக், கிராமக் கிளினிக்: பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எடையும் உயரமும் கோடாக வரையப்படும். கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ தாதியிடம் காரணம் கேளுங்கள்.

* சத்துக்குறைவுப் பிள்ளைகள் மீட்புத் திட்டம்: சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்துவது. வசதி குறைந்த குடும்பங்களில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான எடை குறைந்த பிள்ளைகளுக்கு உணவுக்கூடை கிடைக்கும். கிளினிக்கிலேயே கேட்கலாம்.

* ஆர்.எம்.தி. கூடுதல் உணவுத் திட்டம்: தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. தலைமையாசிரியரிடம் விண்ணப்பியுங்கள்.

* தாலியான் காசே 15999: அடி உதை, பிள்ளையைப் பட்டினி போடுதல், கைவிடுதல் போன்றவற்றுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பிள்ளையைப் புறக்கணிப்பது குற்றம்.

குடிப்பவர் நிறுத்த முன்வந்தால்

பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். முதல் சில நாட்கள் ஆபத்தானவை. கிளினிக் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதே நல்லது. குடி அடிமைத்தனம் சிகிச்சை தேவைப்படும் நோய். ஏசுவதால் மட்டும் தீராது.

அவர் திருந்தும் வரை பிள்ளை காத்திருக்க முடியாது. சம்பளம் வந்த அன்றே அரிசி, பருப்பு, முட்டை, நெத்திலி, பால் மாவு வாங்கி வைத்துவிடுவது பாட்டிமார் கையாண்ட வழி. தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, மத்தி மீன் ஆகியவை விலை குறைந்தாலும் சத்தில் குறைந்தவை அல்ல. அண்டை வீட்டுப் பிள்ளை பசியோடு நின்றால் ஒரு தட்டுச் சோறு கொடுங்கள். அதோடு நிறுத்தாமல், அதன் தாயைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வெட்கத்தால் போகாமல் இருப்பவர்களுக்குத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.