ஊர்தோறும் ஒரு மாணவர் குழு

1965-ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் மாணவர் நடத்திய மொழிப் போராட்டத்தைத் துப்பாக்கிச் சூடுகளின் வரலாறாகவே பலரும் அறிந்திருக்கின்றனர். அதனுள் மற்றொரு வரலாறும் அடங்கியுள்ளது. மதுரை, சிதம்பரம், கோவை, சென்னை எனச் சிதறிக் கிடந்த கல்லூரிகள் எவ்வாறு ஒன்றாயின, ஒன்றானவை பின்னர் எவ்வாறு கைமீறிப் போயின என்பதே அது. மத்திய சர்க்காரின் தேர்வுகளையும் உத்தியோகங்களையும் நம்பி டில்லிக்கும் பிற மாநிலங்களுக்கும் வந்து குடியேறிய நம்மவருக்கு இதில் தனி அக்கறை உண்டு.

அரசியலமைப்பு வகுத்த பதினைந்தாண்டுக் கெடு 1965 ஜனவரி 26-ஆம் நாளுடன் முடிவுற இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் பிரதமர் நேரு உறுதி கூறியிருந்தார். ஆயினும் 1963-இன் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றதேயன்றித் 'தொடர வேண்டும்' என்று கூறவில்லை. 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் நன்கறிவோம். அன்று அத்தூரத்தை மாணவரும் அளந்தறிந்தனர்.

தமிழ்நாடு மாணவர் இந்தி எதிர்ப்புப் போராட்டக் குழு என்ற பெயரில் அவர்கள் ஓர் அமைப்பைக் கண்டனர். பெ. சீனிவாசன், கா. காளிமுத்து, நா. காமராசன், எல். கணேசன் முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். புதிதாகக் கிளைகளைத் தோற்றுவிக்கும் தொல்லை அவர்களுக்கு இருக்கவில்லை. கல்லூரிதோறும் மாணவர் மன்றம் முன்னரே இருந்தது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்ற தலைவரும் செயலாளரும் இருந்தனர். விடுதி உணவுக்கூடத்தில் உரைத்த செய்தி பொழுது விடிவதற்குள் கல்லூரி முழுதும் பரவிவிடும். மத்தியக் குழு செய்ய வேண்டியிருந்தது இம்மன்றங்களுக்கு ஒரு நாளையும் ஒரு முழக்கத்தையும் குறித்துக் கொடுப்பதே. குடியரசு நாளைத் துக்க நாளாக அனுசரிப்பதாக அறிவித்திருந்த தி.மு.க.வின் தலைவர்கள் முன்கூட்டியே கைது செய்யப்பட்டனர். எனினும், கட்சியின் கை கட்டுண்டபோதும் மாணவரின் கால்கள் நடந்தன.

ஜனவரி 25 அன்று மதுரை ஊர்வலத்தில் மூண்ட கைகலப்பு கலவரமாய் முற்றியது. 27-ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். கல்லூரிகள் மூடப்பெற்றன. கலாசாலைக் கதவை அடைத்தால் கிளர்ச்சி அடங்கும் என்று அதிகாரிகள் எண்ணினர் போலும்! நடந்ததோ நேர்மாறு. விடுதியை விட்டு வெளியேறிய மாணவர் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறித் தத்தம் ஊர்களுக்குச் சென்றனர். கிளர்ச்சியையும் உடன் கொண்டு சென்றனர். கல்லூரி காணாத சிற்றூர்களிலும் அது கால்கொண்டது. ஆயின் அங்கே மன்றம் இல்லை, செயலாளர் இல்லை, மத்தியக் குழுவின் சொல்லைக் கேட்டு நடத்துவார் எவரும் இல்லை. ஊக்கம் பெருகிற்று, இணைப்பு அறுந்தது என்றே நாம் கருதுகிறோம். பிப்ரவரி 10-ஆம் தேதி திருப்பூரில் போலீஸ் அதிகாரிகள் இருவர் கும்பலின் கையில் உயிரிழந்தனர். அதற்கு எந்தக் குழுவைப் பொறுப்பாக்க முடியும்?

மறுநாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அகில இந்திய வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். மாணவர் தலைவர்கள் ஊர் ஊராய் ஆளனுப்பிச் சொல்ல முடியாததை வானொலி ஒரே இரவில் மாநிலமெங்கும் சொல்லிற்று. 12-ஆம் தேதி போராட்டக் குழு கிளர்ச்சியைத் தள்ளிவைத்தது. ஆனால் பிப்ரவரி முழுதும், மார்ச் தொடக்கத்திலுங்கூட, ஆங்காங்கே கிளர்ச்சி தொடர்ந்தது. மாணவர் தலைவர்கள் மீதிருந்த வழக்குகளை மார்ச் 7-இல் அரசு விலக்கிக்கொண்டது. 14-ஆம் தேதி குழு போராட்டத்தை அறவே கைவிட்டது. தலைமை நிறுத்தச் சொன்னதற்கும் ஊர்கள் நிறுத்தியதற்கும் இடையே ஒரு மாதம் கழிந்தது. இறந்தோர் ஏறத்தாழ 70 பேர் என்பது அரசுக் கணக்கு.

புது டில்லியில் அப்போது வேறொரு காட்சி. சாஸ்திரியின் உறுதிமொழியை விரும்பாத ஜனசங்கத்தார் தெருக்களில் ஆங்கிலப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசிச் சென்றனர். தமிழகத்திலோ, கிளர்ச்சி ஓய்ந்த பின்னும் அதன் இணைப்பு முற்றிலும் அறவில்லை. காங்கிரஸை எதிர்க்கும் அணியாக அது மாறியது. 1967 தேர்தலில் விருதுநகரில் சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராஜரைத் தோற்கடித்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் இசைந்து தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்பது அதில் இடம்பெற்றது. மத்திய சர்க்காரின் தீர்மானங்களும் பொது ஆணைகளும் இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் வெளிவர வேண்டும் என்ற 3(3) பிரிவும் அத்திருத்தத்தில் வந்ததே. அப்பிரிவின்படிதான் டில்லி அலுவலகங்களின் மொழிபெயர்ப்பு மேசைகளுக்கு இன்றும் கோப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.