துவொமாட்ஸ்கியே தெருவின் ஜெபாலயம்

வார்ஸா நகரத்து யூதர்கள் துவொமாட்ஸ்கியே தெருவில் தங்கள் பெரிய ஜெபாலயத்தைத் திறந்து வைத்தது 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி. லியாண்ட்ரோ மார்க்கோனி வகுத்த திட்டப்படி எழுந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரத்தக்கதாய் விளங்கிய கட்டடம் அது. போலந்து அப்போது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. அதிகாரத்தின் பாஷை ருஷ்யம், யூத வீதிகளின் பேச்சோ இத்திஷ். அவ்விரண்டையும் விடுத்து, ஆலயத்தின் போதகரான இசாக் சில்கோவ் அன்று போலிஷ் மொழியில் பிரசங்கம் செய்தார். தம் தர்மத்தில் அணுவளவும் வழுவாமல், அதே சமயம் அந்த மண்ணின் பிரஜைகளாகவும் வாழ்வோம் என்று ஒரு சமூகம் செய்துகொண்ட சங்கற்பத்தின் பிரகடனமாகவே அதை நான் கொள்கிறேன்.

பின்னாளில் அங்கே ஜெபகீதம் இசைத்த கெர்ஷோன் சிரோட்டாவின் குரல் இசைத்தட்டுகளின் வழியே கடல்கடந்தும் பரவியது. அவர் 1943-இல், நாஜிகள் யூதர்களை மதிலெழுப்பி அடைத்துவைத்த வார்ஸா கெட்டோவிலே குடும்பத்தோடு மாண்டார்.

அவ்வாண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி, பஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாளில், கெட்டோவில் எஞ்சியிருந்த யூதர்கள் ஆயுதம் ஏந்தினர். சொற்பத் துப்பாக்கிகளோடு ஏறத்தாழ ஒரு மாத காலம் போராடினர். அப்போது ஜெபாலயம் மதிலுக்கு வெளியே ஆளரவமற்று நின்றது. அங்கிருந்து எவரும் சுடவில்லை, அதை இடிப்பதால் ராணுவத்துக்கு எவ்விதப் பிரயோஜனமும் இல்லை. ஆயினும் நாஜித் தளபதி யூர்கன் ஸ்ட்ரூப், தன் சம்ஹாரத்துக்கு ஒரு முத்திரை வேண்டுமென்று, மே 16-ஆம் தேதி இரவு 8.15 மணிக்கு அதை வெடிவைத்துத் தகர்த்தான். யூதக் குடியிருப்பு இனி இல்லையென்று மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதினான். ஒரு கட்டடத்தைக் கொல்வதிலே இத்தனை ஆனந்தம் கண்டவனை நினைக்கையில் மனம் கூசுகிறது.

அந்த மனையில் இன்று 1991-இல் முடிவுற்ற நீலக் கண்ணாடிக் கோபுரமொன்று நிற்கிறது. ஆலயத்தை ஒட்டியிருந்த நூலகக் கட்டடமோ தீயில் கருகியும் விழாமல் தப்பியது. 1947 முதல் யூத சரித்திர ஸ்தாபனம் அதிலேயே இயங்குகிறது. முன்கூடத்துத் தளத்தில் அன்றைய தீயின் வடுக்கள் இன்றும் காணப்படுகின்றன.

போர்க்காலத்தில் இதே கட்டடத்தில் பணியாற்றிய சரித்திராசிரியர் எம்மானுவேல் ரிங்கல்பிளம், சகாக்களோடு ரகசியமாகக் கூடி, கெட்டோ வாழ்வின் சகல பத்திரங்களையும், கடிதம் முதல் மிட்டாய்க் காகிதம் வரை, சேகரித்துத் தகரப் பெட்டிகளிலும் பால்கேன்களிலும் அடைத்துப் புதைக்கச் செய்தார். 1944-இல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அச்சகாக்களில் உயிர் தப்பிய வெகு சிலருள் ஒருவரான ஹெர்ஷ் வாசர் புதைத்த இடத்தை அடையாளம் காட்ட, 1946-இல் ஒரு பகுதி இடிபாடுகளினடியிலிருந்து கிடைத்தது. 1950-இல் மற்றொரு பகுதி. அவை யாவும் இப்போது அந்தப் பழைய நூலகத்திலேதான் பாதுகாக்கப்படுகின்றன. மூன்றாவது பகுதி மட்டும் இன்றளவும் அகப்படவில்லை.