பரிவர்த்தனை மேலாண்மை (வழங்கி மென்பொருள்)

வழங்கியில் இயங்கும் மென்பொருளில், ஒன்றோடொன்று தொடர்புடைய பல பதிவுகளை ஒரே செயலாகக் கொண்டு, அனைத்தையும் நிறைவேற்றுவது அல்லது எதையும் நிறைவேற்றாமல் பழைய நிலைக்குத் திருப்புவது பரிவர்த்தனை மேலாண்மை எனப்படும்.

தேவை

திருப்பூரில் ஒரு பனியன் பல பட்டறைகளைக் கடந்தே உருவாகிறது. நூல் நிட்டிங் பட்டறைக்கும், துணி சாயப்பட்டறைக்கும், பின்னர் கட்டிங், தையல், பேக்கிங் பிரிவுகளுக்கும் செல்கிறது. நூல் அனுப்பப்படும்போது நிறுவனத்தின் இருப்பில் எடை குறைய வேண்டும். பட்டறைக்காரர் கணக்கில் அதே எடை ஏற வேண்டும். இடையில் மின்சாரம் நின்று முதல் பதிவு மட்டும் நிலைத்தால், அந்த நூல் யார் கணக்கிலும் இராது. ஒரே பதிவு இருமுறை ஏறினால், வாங்காத நூலுக்குப் பட்டறைக்காரர் பதில் சொல்ல நேரும்.

வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1969இல் சிஐசிஎஸ் என்னும் பரிவர்த்தனை மென்பொருளை வெளியிட்டது. ஜிம் கிரே 1981இல் இக்கருத்தை விளக்கி ஆய்வுரை எழுதினார். 1983இல் தியோ ஹார்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் ஆகியோர் இதன் நான்கு பண்புகளுக்கு 'ஆசிட்' எனப் பெயரிட்டனர். முழுமை, முரணின்மை, தனிமை, நிலைப்பு என்பனவே அவை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998இல் எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் என்னும் மென்பொருள் கூறுகளை அறிமுகப்படுத்தியது.

இரு வழிகள்

இக்கூறுகளில் பரிவர்த்தனையைக் கையாள இரண்டு வழிகள் உண்டு. முதலாவதில், கூறுகளை இயக்கும் 'கண்டெய்னர்' என்னும் மென்பொருளே பரிவர்த்தனையைத் தொடங்கி முடிக்கிறது. நிரலர் எதையும் குறிப்பிடாவிட்டால் இம்முறையே பின்பற்றப்படும். நிரல் குறையும், முடிக்க மறக்கும் பிழை நேராது. ஆயினும் நிரலர் தாமே வரையறுத்த சாதாரணப் பிழைகள் எழும்போது, வேறு ஏற்பாடு இல்லையெனில் பதிவுகள் தாமாகத் திரும்புவதில்லை. இரண்டாவதில், தொடக்கத்தையும் முடிவையும் நிரலரே எழுதுகிறார். எல்லையைத் துல்லியமாக வகுக்கலாம். பிழைக்கும் இடம் அதிகம்.

நாள்கணக்கான வேலைகள்

சாயமிடுதல் போன்ற வேலை முடியும்வரை ஒரே பரிவர்த்தனையைத் திறந்து வைத்தால், பிறர் அப்பதிவுகளுக்காகக் காத்திருக்க நேரிடும். இதற்கு 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினா, கென்னத் சேலம் ஆகியோர் 'சாகா' முறையை முன்வைத்தனர். இதில் ஒவ்வொரு படியும் தனிப் பரிவர்த்தனையாக முடியும். பின்னொரு படி தவறினால், முந்தைய படிகளுக்கு ஈடுசெய்யும் பதிவுகள் இடப்படும். பேரேட்டில் தவறான வரியை அழிக்காமல் எதிர்ப்பதிவு போடும் கணக்குப்பிள்ளையின் வழக்கம் இதை ஒத்தது.

எனவே நூல் வழங்கல் போன்ற குறுகிய செயல்களுக்குக் கண்டெய்னர் முறையும், பல பட்டறைகளைக் கடக்கும் ஆர்டருக்குச் சாகா முறையும் பொருந்தும்.